இடுப்பில் செருகிய மரத்துண்டு

1

போன மாதம் ஊரிலிருந்து தங்கை தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரித்தாள், கிணற்று மோட்டார் பழுதான கதையைச் சொன்னாள், யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று சொன்னாள். வைக்கப் போகிற நேரத்தில்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே, கோவிக்கமாட்டியளே? சீலன்ரை தாயைக் கோயிலிலை கண்டனான். நீங்கள் சாட்சிக்குப் போகேல்லையாம். ஏன் போகேல்லை?"

"அவ என்ன சொன்னவ?"

"உங்களுக்கு வேலையிலை லீவு குடுக்கேல்லை எண்டு சீலன் சொன்னவனாம். மனிசிக்கு மனவருத்தம்தான். ஊர்க்காரர் ஒருத்தர் அங்கை இருந்தும் பிள்ளை தனியப் போயிருக்கு எண்டு கண் கலங்கினவ."

சீலன் எங்கள் ஊர்ப் பிள்ளை. மொன்றியலுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டவர். அவருடைய விசாரணைக்கு நான் சாட்சியாகப் போவதாக இருந்தது. போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பது சுத்தப் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது சீலன், சொன்னது என்னுடைய மானத்தைக் காப்பாற்ற. அதற்குள் நான் வசதியாக ஒளிந்திருக்கலாம். நாலைந்து நாள் ஒளிந்தும் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஊர் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு "வெளிநாட்டு அனுபவம்" என்று ஏதாவது எழுதித் தரும்படி கேட்டு ஒரு வருடம் ஆகிறது. பனி, குளிர், பிள்ளைகளின் தமிழ் என்று நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதை எழுத இங்கே ஆட்களுக்குக் குறைவில்லை. நான் இதை எழுதுகிறேன். சீலன் என்பது அவருடைய சொந்தப் பெயரல்ல. ஊரில் உங்களுக்கு ஆளைத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் தெரியாதமாதிரி இருந்துகொள்ளுங்கள்.

2

நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். பெட்டி தூக்க ஆரம்பித்தவன், இப்போது ஐந்து பேருக்கு மேலாள். முதலாளி வயதான இத்தாலியப் பெண்மணி, எங்கள் எல்லோருக்கும் வெறும் மடாம். வீடு பார்க் எக்ஸில். ரயில் பாதைக்குக் கீழே போகிற நடைபாதையால் போனால் இருபது நிமிட நடை.

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், அந்த நடைபாதையில் இரண்டு பெடியள் என்னை மறித்தார்கள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். ஒருவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். நான் குந்தினபடி விழுந்தேன். மற்றவன் கையை நீட்டினான். நான் போனை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். வைத்துவிட்டு, "மெர்சி, பொன் ஜூர்னே" என்றேன்.

நன்றி, நல்ல நாளாகட்டும். ஒரு நாளைக்கு நானூறு தரம் சொல்லுகிற வார்த்தை அது. தக்காளிப் பையை நீட்டும்போது வாய் தானாகச் சொல்லும். பெடியள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவன் மரியாதையாக எனக்கும் நல்ல நாள் சொல்லிவிட்டுப் போனான்.

காவல் நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவர் பிரெஞ்சில் கேட்டு எழுதினார். என்னுடைய பிரெஞ்சு மரக்கறிப் பிரெஞ்சு. பன்னிரண்டு வகைப் பூசணிக்கும் பெயர் தெரியும். தள்ளினார்கள் என்று சொல்ல அன்றைக்கு வார்த்தை வரவில்லை. அவர்கள் என்னை விழுந்தார்கள் என்கிறமாதிரி ஏதோ சொன்னேன். பதிவில், "முறைப்பாட்டாளர் நடைபாதையில் விழுந்தார்" என்று எழுதியிருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்து வைத்தேன்.

வீட்டில் மனைவி வதனியிடமும் அதையே சொன்னேன். விழுந்தேன், போன் உடைந்துவிட்டது.

3

புதுப் போன் வாங்கியதும், தெருவில் போகிற மனிதன் தன்னைக் காப்பாற்றுவது எப்படி என்று தேடினேன். முதல் இரண்டு காணொளியும் கராத்தே. என் முழங்காலுக்கு அது சரிவராது. மூன்றாவதில் தாடி வைத்த அமெரிக்கர் ஒருவர் மேசையில் ஐந்து கைத்துப்பாக்கிகளைப் பரப்பி வைத்துவிட்டு, தினமும் உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோக எதைத் தெரிவு செய்வது என்று தொடங்கினார். அன்றைக்கு என் மத்தியானச் சோறு ஆறிப்போனது.

கெட்ட மனிதர்களல்ல, நல்ல வாத்திமார். பெரியது கைக்கு வாகாகப் பிடிபடும், ஆனால் சேட்டுக்குள் மறையாது. சின்னது எங்கேயும் மறையும், ஆனால் சுடும்போது கையை உதறும், அதனால் பழகப் பஞ்சிப்படுவார்கள். பாரமானதை முதல் கிழமை கொண்டு திரிந்துவிட்டு இரண்டாம் கிழமை அலுமாரியில் வைத்துவிடுவார்கள். இடுப்புப் பட்டி தொய்ந்ததாக இருந்தால் எவ்வளவு நல்ல துப்பாக்கியும் நில்லாது. உறை விசையை முழுதாக மூடவேண்டும். வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் செருகுவதை மணிக்கூட்டு முள்ளை வைத்து நாலு மணி என்பார்கள். முன்பக்கமாகச் செருகுவோரும் உண்டு, ஆனால் தொந்தி உள்ளவருக்குக் குனிய முடியாது. சேட்டு ஒரு அளவு பெரிதாக, கட்டம் போட்டதாக இருக்கவேண்டும். வெறும் நிறத்தில் புடைப்புத் தெரியும். புடைப்புத் தெரிவதுதான் அவர்களுக்கு மகா வெட்கம்.

எனக்குத் தொந்தி உண்டு. ஆகவே நாலு மணி என்று தீர்மானித்தேன். நடுத்தர அளவு என்றும் தீர்மானித்தேன். இருக்கிற நாட்டில் கிடைக்கவே கிடைக்காத ஒன்றுக்கு, ஒரு குளிர்காலத் தொடக்கம் முழுக்க, மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் இப்படித் தீர்மானம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுத் தொலைக்காட்சியும் என் போனும் ஒரே கணக்கில் ஓடுவதை நான் யோசிக்கவில்லை. மகள் அபி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள், கிழமைக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். ஒரு சனிக்கிழமை அவள் தொலைக்காட்சியைப் போட்டதும், வதனி பார்க்கிற சமையலுக்கும் அவள் பார்க்கிற மண்புழுவுக்கும் நடுவில் வரிசையாகத் தாடிக்காரர்கள்.

"அப்பா, செ குவா சா? என்ன இது?"

நான் கண்ணாடியைத் தேடுகிறமாதிரி எழும்பினேன்.

"ஆரோ எங்கட அக்கவுண்டை ஹாக் பண்ணியிருக்கினம்" என்று அவளே முடிவுகட்டினாள். கடவுச்சொல்லை மாற்றி, புதியதை ஒரு துண்டில் எழுதி என் சேட்டுப் பையில் வைத்தாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, ஓகே?"

அது அப்பாவாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு முகம் எரிந்தது. திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் புதுக் கடவுச்சொல்லைப் போட்டு மிச்சத்தைப் பார்த்தேன்.

4

வதனியின் தம்பி ரஞ்சன் அமெரிக்காவில் வட கரோலினாவில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறான். அந்த நத்தார் விடுமுறைக்கு அவன் வீட்டுக்குக் காரில் போனோம். வதனி உள்ளே நின்ற நேரம் பார்த்து அவன் சேட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான்.

"இது இல்லாமல் நான் கடை திறக்கிறேல்லை அத்தான். மணிக்கூடு கட்டிறமாதிரிப் பழகிட்டுது."

அடுத்த நாள், பால் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு என்னைத் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, வழக்கமாக என்ன உடுப்பு உடுப்பீர்கள் என்பது. சேட்டை உள்ளே விட்டு உடுப்பேன் என்றேன். அதை மாற்றவேண்டி வரும் என்றார்.

சேட்டை உள்ளே விடுவது எனக்கு அழகுக்கு வந்த பழக்கமல்ல. நான் வாலிபனாக இருந்த காலத்தில் எங்கள் சந்தியில் சேட்டை வெளியே விட்டுக்கொண்டு நிற்கிறவன் என்றால் ஒரே அர்த்தம்தான். சிவில் உடுப்பில் ஆமியோடு திரிகிறவன், இடுப்பில் பிஸ்டல் இருக்கிறவன், ஆட்களைக் காட்டிக் கொடுக்கிறவன், ஏற்றிக்கொண்டு போகிறவன். மற்ற ஆம்பிளைகள் எல்லோரும் சேட்டை உள்ளே விட்டு, இடுப்பில் ஒன்றும் இல்லை என்பது தூரத்திலேயே தெரியத்தான் நடந்தோம். அப்படியும் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் சேட்டைத் தூக்கிக் காட்டவேண்டும். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் நான் உள்ளேதான் விட்டுக்கொண்டிருந்தேன். சேட்டை உள்ளே விட்டுக்கொண்டு வெளிக்கிடு என்று சொல்ல அப்பா உயிரோடு இல்லை, ஆனாலும் கை அதைச் செய்தது.

கடைக்காரர் நடுத்தர அளவு ஒன்றை எடுத்து, வெறுமையாக இருப்பதைக் காட்டிவிட்டு என் கையில் வைத்தார். காணொளியில் நான் தெரிவு செய்து வைத்திருந்த அதே அளவு. நல்ல பாரம். பிடித்திருந்தது. மறைத்து எழுதி என்ன பிரயோசனம்? எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இதை வைத்திருந்தால் அந்தப் பெடியள் சிரித்திருப்பார்களா என்று யோசித்தேன்.

வெளிநாட்டுக்காரனுக்கு விற்க முடியாது, விற்றாலும் எல்லையைக் கடக்க முடியாது. ரஞ்சன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு உறையும் தடித்த பட்டியும் வாங்கித் தந்தான்.

"உறைக்குச் சட்டம் இல்லை அத்தான். ஆசைக்கு வைச்சிருங்கோ."

திரும்பி வரும்போது கனடா எல்லையில், ஆயுதம் ஏதும் இருக்கிறதா என்று பெண் அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

"ஹீற்றரைக் குறையுங்கோவன், தண்ணியா ஓடுது" என்றாள் வதனி.

5

தை மாதத்தில் துப்பாக்கி உரிமப் படிவத்தைத் தரவிறக்கினேன். இந்த நாட்டுப் படிவங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பிறந்த திகதியைக் கேட்கும், பிறந்த ஊரைக் கேட்கும், அது இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்றும் கேட்கும். இந்தப் படிவம் மனச்சோர்வு வந்ததா, வீட்டில் பிரச்சினையா என்றெல்லாம் கேட்டது. மனைவியின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் வந்து நின்றுவிட்டேன்.

சரி, விபரமாவது கேட்போம் என்று உரிம அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பதில் சொன்னவர் பொறுமையான மனிதர். கைத்துப்பாக்கி என்னைப் போன்றவர்கள் இப்போது புதிதாக வாங்க முடியாது என்றார். எதற்காக வேண்டும் என்றும் கேட்டார். பாதுகாப்புக்கு என்றேன்.

"மிஸ்யே, இங்கே அது ஒரு காரணமல்ல."

ஒரு நல்ல நாடு எனக்கு ஒரு நல்ல பதிலைச் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை வதனி கோயிலுக்குப் போன நேரம், கடையில் உடைந்த கத்தரிக்காய்ப் பெட்டி ஒன்றின் கட்டையை நிலவறையில் வைத்துச் சீவினேன். மூன்றாவது கட்டைதான் உறைக்குள் சரியாக இறங்கியது. வெளியே தெரிகிற பகுதிக்குக் கறுப்பு டேப் சுற்றினேன். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு தரம் கையை வெட்டிக்கொண்டேன்.

அந்தத் தாடிக்காரர்கள் அவ்வளவு பாடம் எடுப்பது புடைப்புத் தெரியாமல் இருக்க. நான் வாங்கியதோ வெறும் நீலச் சேட்டு, அதுவும் இடுப்பில் சற்று இறுக்கம். எனக்கோ புடைப்புத் தெரியவேண்டும். பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம், அதைத் திட்டம் என்று சொல்லலாமென்றால்.

"என்ன, இப்ப சேட்டை வெளியிலை விட்டுக்கொண்டு திரியிறியள்? வயிறு வைச்சிட்டுதோ?" என்றாள் வதனி.

"ஓம், பட்டி இறுக்குது" என்றேன்.

நடைபாதையால் போனேன், வந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கடையிலும் அதைக் கழற்றவில்லை.

6

சீலன் என் கைக்குக் கீழே வேலைக்கு வந்தது பெடியள் என்னை மறித்ததற்கு முந்தின கோடையில். முப்பத்தெட்டு வயது. அவருடைய தகப்பனையும் வீட்டையும் எனக்குத் தெரியும், வீட்டு வாசலில் நின்ற நெல்லிமரத்தையும் தெரியும். நான் ஊரை விட்டு வெளிக்கிடும்போது சீலன் கையில் தூக்குகிற பிள்ளை. பின்னால் ஒரு காலத்தில் அவருடைய தமையனை ஆட்கள் வீட்டில் வைத்து ஏற்றிக்கொண்டு போனதும், அவர் திரும்பாததும், அப்போது என்னுடைய அம்மா தொலைபேசியில் அழுது அழுது சொன்னதால் எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு நாள் வந்ததும் சீலன் என்னிடம்தான் வந்தார்.

"அண்ணை, குடும்பத்தைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து சொன்னா நல்லம் எண்டு லோயர் சொல்லுறார். எங்களைத் தெரிஞ்ச ஆள் இஞ்சை நீங்கள் ஒருத்தர்தான்."

"இதென்ன கேள்வி தம்பி? வாறன்" என்றேன். கடிதமும் எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பத்தை மறுத்துவிட்டால் திருப்பி அனுப்பும் பேச்சு வந்துவிடும். மனைவியும் அவரும் பார்க் எக்ஸில் ஒரு அறை வீட்டில் இருந்துகொண்டு அந்த ஒரு நாளுக்காகத்தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

இளவேனில் தொடக்கத்தில் ஒரு காலை, நான் பீற்றூட் மூட்டை ஒன்றைக் குனிந்து தூக்கினபோது சேட்டு மேலே ஏறிவிட்டது. பின்னால் சீலன் நின்றார். பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மாறினார். அண்ணை என்பது ஐயா ஆனது. பெட்டியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர் நான் வந்தால் எழும்பி நிற்பார். கேட்டதற்கு மட்டும் பதில். முன்பெல்லாம் கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பவர், வாயே திறப்பதில்லை. சொன்ன வேலையை ஓடி ஓடிச் செய்தார். "உன் ஆள் இப்போது நல்லாய் வேலை செய்கிறார்" என்று மடாமும் சொன்னார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். இருபத்தாறு வருடம் மெர்சி சொல்லித் திரிந்தவனுக்கு முன்னால் ஒரு மனிதன் எழும்பி நிற்கிறான். அது எனக்கு இனித்தது. ஐயா என்று அவர் சொல்லும்போது, வேண்டாம், அண்ணை என்றே சொல்லும் என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. இந்தக் குறிப்பில் எனக்கு எழுத மிகக் கஷ்டமான வசனம் இதுதான்.

7

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. பத்து மணி போல, வாடல் கீரைப் பெட்டிகளை யாரோ புதுப் பெட்டிகளுக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. குளிரறைக்குள் போனேன். சீலன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ அடுக்கிக்கொண்டு நின்றார்.

"சீலன், இஞ்சாலை திரும்பும்" என்றேன்.

குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது. அந்தக் கட்டை அடிக்கடி சரியும், அதை மேலே தள்ளிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. திரும்பச் சொன்னபோது என் கை இடுப்பில் இருந்தது.

சீலன் திரும்பினார். கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் சேட்டை நெஞ்சு வரைக்கும் தூக்கினார். தூக்கிப் பிடித்தபடி, அவசரப்படாமல், ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்து என்னைப் பார்த்து நின்றார். கண் மட்டும் நிலத்தில்.

அந்தச் சுற்று எனக்குத் தெரியும். எத்தனை நூறு தரம் நானே சுற்றியிருக்கிறேன். சென்றியில் நிற்கிறவன் வாயால் சொல்லமாட்டான், விரலை மட்டும் வட்டமாக ஆட்டுவான். வேகமாகச் சுற்றினால் சந்தேகம். கையைக் கீழே விட்டால் அடி. வயிறு குளிரக் குளிர நிற்கவேண்டும். நான் விரலைக்கூட ஆட்டவில்லை.

"தம்பி" என்றேன்.

அவர் சேட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். குளிரறையில் நாலு பாகை. ஏன் விடவில்லை என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விடச் சொல்லி நான் சொல்லும் மட்டும் அவர் விடமாட்டார்.

"சேட்டை விடும் தம்பி" என்றேன்.

விட்டார். குனிந்து பெட்டியை எடுத்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார். நான் வெளியே வந்து, கழிவுப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, அழுதேன். அழுகைக்குக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று அப்போது யோசிக்கவில்லை.

8

வேலை முடிந்ததும் அவருடைய வீட்டுக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. அவருடைய மனைவி கதவைச் சங்கிலியோடு கொஞ்சமாகத் திறந்து, என்னைக் கண்டதும் "அவர் இல்லை" என்றா. அவருடைய சப்பாத்து அவவின் காலடியில் கிடந்தது. நான் படியில் இருந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சீலன் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்தினார்.

பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து டேப்பை உரித்தேன். பெட்டியில் அச்சடித்த கத்தரிக்காய்ப் படத்தில் பாதி அதில் இருந்தது.

"இது மரம் தம்பி. பாரும். வெறும் மரம். அமெரிக்கன் வீடியோவைப் பாத்து ஒரு விசர் வேலை செய்திட்டன். என்னட்டைத் துவக்கும் இல்லை, ஒண்டும் இல்லை."

பெடியள் தள்ளியது, போன், மெர்சி, எல்லாவற்றையும் சொன்னேன். வதனிக்கே சொல்லாதது. அவர் குறுக்கே கதைக்காமல் கேட்டார்.

"மரமெண்டு தெரியும் அண்ணை" என்றார்.

"எப்ப தெரியும்?"

"ரெண்டாம் நாளே. நீங்கள் குனியேக்கை டேப் கழண்டு கிடந்தது."

"பிறகேன் தம்பி இண்டைக்கு அப்பிடி..."

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியேல்லையே."

கீழே தெருவில் யாரோ ஒரு மேசையை வாகனத்தில் ஏற்ற முடியாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்டைக்கு வந்தவரும் சேட்டை வெளியிலை விட்டுக்கொண்டுதான் நிண்டவர்" என்றார் சீலன். "முதல் என்னைச் சுத்தச் சொன்னவர். பேந்து அண்ணாவைச் சுத்தச் சொன்னவர். அவரை மட்டும் ஏத்தினவை."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. வாற கிழமை வியாழன் விசாரணைக்கு நீங்கள் வரவேண்டாம். உங்கட கடிதம் லோயரிட்டை இருக்கு, அது இருக்கட்டும். அந்த அறையிலை நான் எல்லாத்தையும் என்ரை வாயாலை சொல்லவேணும், விடாமல் சொல்லவேணும். நீங்கள் பக்கத்திலை இருந்தா எனக்குக் கதை வராது."

நான்தான் மன்னிப்புக் கேட்கப் போனவன். கோவிக்காதேங்கோ என்று கேட்டது அவர். ஓம் என்று தலையாட்டினேன்.

அன்றைக்கே வதனிக்குச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சனிக்கிழமை அபி வந்ததும் அவளுக்கும் சொன்னேன். "அப்ப அது ஹாக் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். எப்போதும் ஞாயிறு இரவுதான் திரும்புவாள், அந்த முறை சனி பின்னேர பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

சீலன் இப்போது வேறு கடையில் வேலை செய்கிறார். வியாழக்கிழமை அந்த அறையில் அவர் இரண்டரை மணித்தியாலம் கதைத்தாராம். மொழிபெயர்த்த பெண் இரண்டு தரம் நிற்பாட்டித் தண்ணீர் குடித்தாவாம், அவர் நிற்பாட்டவில்லையாம். அவருடைய மனைவி கோயிலில் கண்டு வதனிக்குச் சொன்னது இது. முடிவு கடிதத்தில் வரும். என்னுடைய சாட்சிக் கடிதத்தை அங்கே யாராவது வாசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் அன்றைக்கு அவ்வளவு நேரம் கதைத்ததற்கு நான் செய்த உதவி ஒன்றே ஒன்றுதான். நான் அங்கே போகவில்லை.